வேலியும் வனமும்: சுவா சூ காங் வட்டாரத்தின் நில வரலாறு

தமிழில் ‘வேலி’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. நிலத்தைச் சுற்றி அமைக்கப்படும் காப்பு ஒன்று. நிலத்தை அளக்கும் அளவு மற்றொன்று. தஞ்சை வட்டாரத்தில் இருபது மா நிலம் ஒரு வேலி எனப்பட்டது. இன்றைய கணக்கில் அது ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகுதியாகும். கோயில்களுக்கு வழங்கப்பட்ட நிலக்கொடைகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பலவும் இந்த அளவைக் கொண்டே குறிக்கின்றன. காப்பையும் அளவையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், காக்கப்படாத நிலம் கணக்கிலும் நில்லாது என்பதை நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம்.

சோழர் ஆட்சியில் ஓர் ஊரைக் கொடையாக வழங்கும்போது, அதன் நான்கு எல்லைகளையும் அலுவலர்கள் நேரில் நடந்து காண்பது மரபாக இருந்தது. பெண் யானையை எல்லை வழியே நடத்திச் சென்று, வழிநெடுகக் கல்லும் கள்ளியும் நட்டார்கள் என்பதைச் செப்பேடுகளால் அறிகிறோம். கல் எளிதில் அழியாதது. கள்ளி நீரின்றியும் வளர்வது. யானை நடந்த காட்சியோ ஊராரின் நினைவில் நெடுங்காலம் தங்குவது. மூன்றும் சேர்ந்தே எல்லையைக் காத்தன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அக்கொடையைக் கூறும் செப்பேடு லெய்டன் செப்பேடு எனப் பெயர் பெற்றுள்ளது. தமிழகத்து வயல்வெளிக்கும் மலாய் உலகத்திற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்த தொடர்புக்கு அது சான்று பகர்கிறது.

அதே மலாய் உலகத்தின் தென்கோடியில் அமைந்த சிங்கப்பூருக்கும் இத்தகைய எல்லை வரலாறு உண்டு. தீவின் வடமேற்கே உள்ள சுவா சூ காங் வட்டாரத்தில் அவ்வரலாறு தெளிவாகப் புலப்படுகிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்குள் இவ்வட்டாரம் நான்கு முறை காடு வெட்டித் திருத்தப்பட்டது. இடையே மூன்று முறை வேலி மறைந்து, புதர் மண்டி, மீண்டும் காடாயிற்று. வெட்டியவர் யார், வெட்டியது எது, வெட்டாமல் விட்டது எது என்பவற்றை அறிந்தால்தான் இவ்வூரின் கதை முழுமை பெறும்.

ஆற்றங்கரையில் பிறந்த ஊர்

சுவா சூ காங் என்பது தியோச்சூ மொழிப் பெயர். ‘சுவா’ என்பது குடும்பப் பெயர். ‘சூ’ என்பது வீட்டையும் குடியிருப்பையும் குறிக்கும். ‘காங்’ என்பது ஆற்றைச் சார்ந்த இடத்தைக் குறிக்கும். சாலைகள் இல்லாத அக்காலத்தில் தோட்டக்காரர்கள் படகேறி, ஆற்றின் வழியாகவே உட்பகுதிக்குள் நுழைந்தனர். ஆற்றங்கரைக் குடியிருப்பின் தலைவர் ‘காங்சூ’ எனப்பட்டார்.

அவர்கள் பயிரிட்டவை கேம்பியரும் மிளகும் ஆகும். கேம்பியர் என்பது ஒருவகைக் கொடிச் செடி. அதன் இலைகளைக் கொதிக்க வைத்து வற்றச் செய்தால் காசுக்கட்டியைப் போன்ற துவர்ப்புப் பொருள் கிடைக்கும். வெற்றிலையோடு சேர்த்து மெல்லவும், தோல் பதனிடவும், சாயமிடவும் அது பயன்பட்டது. 1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்குவதற்கு முன்னரே தீவில் கேம்பியர்த் தோட்டங்கள் இருந்தன. 1830களில் பிரிட்டனின் தோல் பதனிடும் தொழில் இப்பொருளை வேண்டத் தொடங்கியதும் தோட்டங்கள் பெருகின.

இத்தொழில் காட்டைத் தின்று வளர்ந்த தொழிலாகும். செடி நடுவதற்கு ஒரு பகுதிக் காடு வெட்டப்பட்டது. இலையைக் காய்ச்சும் அடுப்புக்கு விறகாக ஏறத்தாழ அதே அளவுக் காடு மீண்டும் வெட்டப்பட்டது. காய்ச்சி எடுத்த இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. ஆயினும் மண்ணின் வளம் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை. விறகும் தீர்ந்து மண்ணும் சோர்ந்தபின், தோட்டக்காரர் அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை நாடினர். 1840கள் முதல் பலர் நீரிணையைக் கடந்து ஜொகூருக்கே சென்றுவிட்டனர்.

காட்டின் உட்பகுதிகளில் மனிதர் குடியேறவே புலிகளின் தாக்குதலும் மிகுந்தது. புலியைக் கொல்வோருக்கு அரசு வெகுமதி அறிவித்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் புலி வேட்டைக்கும் அனுப்பப்பட்டனர். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் இருந்த அக்கைதிகள்தாம் காட்டை ஊடறுத்துச் சாலைகளை அமைத்தவர்கள். சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலி 1930ஆம் ஆண்டு அக்டோபரில் சுடப்பட்டது. அது வீழ்ந்த இடம் சுவா சூ காங் கிராமமே என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

கைவிட்ட நிலமும் லாலாங் புல்லும்

கைவிடப்பட்ட தோட்டத்தில் முதலில் குடியேறியது லாலாங் புல். ஆலயச் சடங்குகளில் நாம் போற்றும் தருப்பைக்கு அது உறவான புல்லினமாகும். ஆயினும் உழவனுக்கு அதுபோன்ற பகை வேறில்லை. அதன் கிழங்கு வேர்கள் மண்ணுக்கடியில் பின்னிக் கிடப்பவை. மேற்புல்லை அரிந்தால் சில நாள்களில் மீண்டும் தளிர்க்கும். தீ வைத்தால் தாள் எரியும், வேர் எரியாது. மாறாக, சுற்றியுள்ள இளமரங்களே கருகிப் போகும். இவ்வாறு ஒரு முறை லாலாங் பிடித்த நிலம் எளிதில் காடாகவும் மாறாது, கழனியாகவும் மாறாது.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை, அதாவது நம் மக்கள் ‘பூமலை’ என்று அழைத்த இடத்தை, அந்நாளில் நிருவகித்தவர் நத்தானியல் கான்ட்லி. 1883இல் அவர் காடுகளின் நிலையை ஆய்ந்து அறிக்கை அளித்தார். தீவின் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கே காடாக எஞ்சியிருந்தது என்பது அவ்வறிக்கையால் வெளிப்பட்டது. அதன் விளைவாகவே காட்டு ஒதுக்கீடுகள் ஏற்பட்டன. திருத்தத் தெரிந்தவர்கள் காக்கத் தவறியமையால் நேர்ந்த முதல் இழப்பு இது.

பால்மரக் காலம்

1877ஆம் ஆண்டு லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகவே, ரப்பரின் விலை உயர்ந்தது. மண்டாய், புக்கிட் பாஞ்சாங், சுவா சூ காங், லிம் சூ காங் பகுதிகளில் பால்மரங்கள் எழுந்தன. இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே அன்னாசியும் பயிராயிற்று. பழைய கேம்பியர் நிலங்கள் இரண்டாம் முறையாகத் திருத்தப்பட்டன.

இக்காலத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தனர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றது. அதன்பின் கங்காணிகள் தத்தம் ஊர்களிலிருந்து ஆள்களை அழைத்து வந்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அந்நிலை நீடித்தது.

தோட்டம் என்றவுடன் பால்வெட்டே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பால் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் நடந்த வேலை புல்வெட்டு. பொழுது புலரும் முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பிறகு மண்வெட்டியும் பாராங் கத்தியும் ஏந்திப் புல்வெட்டுக் கூட்டம் புறப்படும். அக்கூட்டத்தில் பெண்களும் சிறுவர்களுமே மிகுதி. லாலாங் வேரை மண்ணைக் கிளறி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு துண்டு எஞ்சினாலும் அடுத்த மழையில் தளிர்க்கும். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கென வகுக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. குனிந்த முதுகு நிமிராமல் உழைத்த அப்பெண்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

தோட்டத்தின் எல்லையைத் துப்புரவாக வைத்திருப்பது தனியொரு பணியாகும். அதற்குக் காரணங்கள் பல. அண்டை நிலத்து லாலாங்கில் பற்றிய தீ எல்லை தாண்டி வரக்கூடும். பக்கத்துப் புதரின் நிழல் இளமரங்களை வாட்டும். இவற்றினும் கொடியது வெள்ளை வேர் நோய். காடு வெட்டியபோது தோண்டி எடுக்காமல் விட்ட அடிமரக் கட்டைகளில் அக்காளான் தங்கியிருந்து, மண்ணுக்கடியில் வேர்வழியே பரவி, நல்ல பால்மரங்களைச் சாய்த்துவிடும். ஆதலால் நோயுற்ற இடத்தைச் சுற்றி அகழி வெட்டி அதைத் தனிமைப்படுத்தினார்கள்.

இப்பணிக்கென ஒரு முறையும் உண்டு. முதலில் மரங்களைப் பின்னியிருக்கும் கொடிகளை அறுக்க வேண்டும். இல்லையேல் சாயும் ஒரு மரம் நான்கு மரங்களை இழுத்துக்கொண்டு விழும். அடுத்துச் சிறுபுதரை அடிக்க வேண்டும். பாம்பும் குளவிக் கூடும் அப்போதுதான் கண்ணில் படும். பின்னர் இளங்கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். பெருமரத்தின் முறை கடைசியில்தான் வரும். அதுவும், அம்மரம் எல்லைக்கு அடையாளமா என்பதைக் கேட்டறிந்த பின்னரே கோடரி விழ வேண்டும்.

தொடக்கத்தில் துரைமார்கள் தோட்டத்தில் ஒரு புல்லும் இருக்கலாகாது என்று கருதினர். அவ்வாறு மண்ணை மொட்டையாக்கியதால், பெருமழை மேல்மண்ணை அரித்து ஆற்றில் சேர்த்தது. பின்னர் அவர்களே மண்ணை மூடிக் காக்கும் அவரையினக் கொடிகளைப் படரவிட்டனர். களைவது எவ்வளவு தேவையோ, களையாமல் விடுவதும் அவ்வளவு தேவை என்பதை மண் கற்பித்த பாடம் அது.

எல்லையில் நின்ற தெய்வம்

தமிழகத்துக் கிராமங்களில் ஐயனாரும் முனீசுவரரும் ஊரின் நடுவே அமர்வதில்லை. ஊர் முடிந்து காடு தொடங்கும் எல்லையிலேயே அவர்கள் காவல் நிற்கின்றனர். அந்த வழிபாட்டைக் கப்பலில் சுமந்து வந்த தொழிலாளர்கள், மலாயாவின் தோட்டங்களிலும் அதே மரபைப் பின்பற்றினர். காட்டை வெட்டி வரும்போது ஓர் அரசையோ ஆலையோ பெருமரம் ஒன்றையோ விட்டுவைத்தனர். அதனடியில் ஒரு கல்லை நட்டு, ஒரு சூலத்தை ஊன்றினர். புலிக்கும் பாம்புக்கும் நடுவே வேலை செய்தவர்களுக்கு அந்தக் கல்லே துணையாயிற்று. ஓலைக் கூரை வேய்ந்த கொட்டகை பின்னாளில் வந்தது. கோபுரம் அதற்கும் பின்னால் வந்தது.

சிங்கப்பூரின் ஆலயங்கள் சிலவற்றின் வரலாறும் இதை உறுதிசெய்கிறது. செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர்களோடு தொடர்புடைய ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், ஈசூனுக்கு இடம் மாறிய பின்னரும் ‘புனித மரம்’ என்னும் அடைமொழியைத் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. இரயில்வே ஊழியர்கள் 1932இல் தொடங்கிய ஸ்ரீ முனீசுவரன் ஆலயம், இன்று குவீன்ஸ்டவுனில் பெருங்கோயிலாக விளங்குகிறது. எல்லாவற்றையும் வெட்டிச் சாய்க்கும் உரிமை கையில் இருந்தும், ஒரு மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டவர்களின் பணிவிலிருந்து இத்தகைய வழிபாடுகள் தோன்றின. இது எண்ணத்தக்கது.

போர்க்காலப் புதர்

1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தது. உற்பத்திக் கட்டுப்பாடும் வந்தது. தோட்டங்கள் பலவற்றில் களையெடுப்புச் சுருங்கி, மரங்களுக்கிடையே புதர் மண்டியது. அதன் விலையைப் போர்க்காலம் காட்டிற்று. 1942 பிப்ரவரி 8ஆம் நாள் இரவு, ஜப்பானியப் படைகள் வடமேற்குக் கரையில் இறங்கின. சதுப்புக் காடும், களை எடுக்காத ரப்பர்த் தோட்டமும் அடர்ந்த அக்கரையைக் காத்து நின்றது ஆஸ்திரேலிய 22ஆம் படைப்பிரிவு. எதிரே வருபவரைக் காண முடியாத அடர்த்தியில் பகைவர் அணிகளுக்கிடையே எளிதில் ஊடுருவினர். மறுநாள் தெங்கா விமான நிலையம் வீழ்ந்தது. அங்கிருந்து சுவா சூ காங் சாலை வழியே படைகள் புக்கிட் பாஞ்சாங்கை நோக்கி முன்னேறின. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் உணவுப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, பால்மரம் நின்ற இடங்களிலும் மரவள்ளிக் கிழங்கு பயிரிடப்பட்டது.

பண்ணை வேலிகள்

போருக்குப் பின் நிலம் மூன்றாம் முறையாகத் திருத்தப்பட்டது. காய்கறித் தோட்டங்களும் கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் மீன் குளங்களும் சுவா சூ காங் சாலையின் இருமருங்கிலும் பெருகின. பண்ணைகளைப் பிரித்த வேலிகள் பலவகைப்பட்டவை. சில இடங்களில் செம்பருத்தியும் மூங்கிலும் உயிர்வேலியாக நின்றன. வேறு சில இடங்களில் முள்கம்பி ஓடியது. 1874இல் அமெரிக்கரான ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற அந்த முள்கம்பி, உலகெங்கும் வேலியின் இலக்கணத்தையே மாற்றிவிட்டது. கம்பத்துக் குடியினர் தம் எல்லையை ஒட்டி டுரியான், ரம்புத்தான், பலா, மா, தென்னை ஆகியவற்றை வைத்தனர். நிழலும் கனியும் தந்த அம்மரங்களே யாருடைய நிலம் எதுவரை என்பதற்குச் சாட்சியாகவும் நின்றன.

1966இல் இயற்றப்பட்ட நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் வாயிலாக அரசு தேசிய வளர்ச்சிக்கென நிலங்களைப் பெற்றது. 1984இல் பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 1980களின் பிற்பகுதி முதல் எஞ்சிய விவசாயம் வேளாண் தொழில்நுட்பப் பூங்காக்களுக்குள் ஒருங்கிணைக்கப்பட்டது. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. சுவா சூ காங் புதுநகர் எழுந்தது. 1990 மார்ச் 10ஆம் நாள் பெருவிரைவு இரயில் நிலையம் திறக்கப்பட்டது.

கட்டடம் எழாத இடங்களில், மனிதர் வெளியேறியதும் காடு திரும்பியது. முதலில் கொடி வந்தது; பிறகு புதர்; அதன்மேல் மொலுக்கத் தீவுகளைச் சேர்ந்த அல்பீசியா மரங்கள் விரைந்து உயர்ந்தன. வளமற்ற மண்ணிலும் வேரூன்ற வல்லவை அவை. மலாய் மொழியில் ‘பெலுக்கார்’ எனப்படும் இக்காடுகளுக்குள் சென்றால், திடீரென ஒரு வரிசையில் டுரியான் மரங்கள் நிற்பதைக் காணலாம். காடு வரிசையாக மரம் வளர்ப்பதில்லை. அவ்வரிசை ஒரு குடும்பத்தின் வேலி. கம்பியைத் தன் பட்டைக்குள் விழுங்கி வளர்ந்த மரமும் அத்தகையதே. அறுப்பவரின் வாள் அக்கம்பியில் பட்டு முறியும்போது, அங்கே ஒரு பண்ணை இருந்தது என்ற செய்தி வெளிப்படுகிறது.

வேலி கற்பித்த இரு பாடங்கள்

வேலியின் ஆயுள் அதைப் பேணும் கைகளில் இருக்கிறது. இதனை விளக்க இந்திய வரலாற்றிலிருந்து இரு சான்றுகளைக் காட்டலாம்.

முதலாவது, உப்பு வரிக்காகப் பிரிட்டிஷ் ஆட்சியினர் வளர்த்த சுங்க வேலி. வரி கட்டாத உப்பு உள்ளே நுழையாதிருக்க, சிந்து நதி முதல் மகாநதி வரை ஏறத்தாழ 2,300 மைல் நீளத்திற்குச் சுங்க எல்லை வகுக்கப்பட்டது. அதைக் காத்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். எல்லையின் பெரும்பகுதியில் கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி முதலியவற்றால் முள்வேலி வளர்க்கப்பட்டது. பின்னாளில் இந்திய தேசியக் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1867 முதல் 1870 வரை அத்துறையின் ஆணையராக இருந்து உயிர்வேலியைச் செம்மைப்படுத்தினார். 1879இல் அச்சுங்க எல்லை கைவிடப்பட்டது. அதன்பின் வேலியின் சுவடே பெரும்பாலும் மறைந்தது. ராய் மாக்சம் என்னும் ஆங்கிலேயர் பல ஆண்டுகள் தேடி, உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் அதன் சிறு எச்சத்தைக் கண்டு, 2001இல் நூலாக வெளியிட்டார். ஏழைகளின் உப்பைத் தடுத்த வேலி அழிந்ததில் வருத்தமில்லை. ஆயின், அத்துணைப் பெரிய வேலியும் மக்கள் நினைவிலிருந்து நூறாண்டுக்குள் நழுவியது என்பதே சிந்திக்கத்தக்கது.

இரண்டாவது, சீமைக்கருவேலம். சிங்கப்பூருக்கு ரப்பர்க் கன்றுகள் வந்த அதே 1877ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதிக்கு இம்மரத்தின் விதைகள் வந்தன. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று வரவேற்கப்பட்ட மரம், பின்னர் இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் கண்மாய்களையும் வயல்களையும் மூடியது. வெட்டினால் அடிமரத்திலிருந்து தழைப்பதால், வேரோடு அகற்றினாலன்றி விலகுவதில்லை. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றுமாறு ஆணையிட்டது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்கள் குறித்துத் தனிக் கொள்கையையே வகுத்தது. அதே வேளையில், மழை பொய்த்த காலத்தில் அம்மரத்தின் கரியை விற்றே பிழைத்த ஏழைக் குடும்பங்கள் பல உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. வேலியாக வந்தது பயிரை மூடியது. மூடியதே சிலருக்குச் சோறும் இட்டது. ஆகவே, புதரை அகற்றும் பணியும் ஆராய்ந்து செய்ய வேண்டியதொன்றாகும்.

புதுநகரும் காடும்

சுவா சூ காங்கை அடுத்துள்ள தெங்காவில் நான்காம் திருத்தம் நடைபெற்று வருகிறது. முன்னாளில் கம்பங்களும் செங்கற்சூளைகளும் இருந்து, பின்னர் இராணுவப் பயிற்சிக்குப் பயன்பட்டு, இடைக்காலத்தில் காடாகிவிட்ட நிலம் அது. ஏறத்தாழ 700 ஹெக்டர் பரப்பில் ‘வன நகரம்’ ஒன்றை அமைக்கும் திட்டத்தை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2016இல் வெளியிட்டது. 2018இல் முதல் வீடுகள் விற்பனைக்கு வந்தன. காட்டின் பெரும்பகுதி அகற்றப்பட்டாலும், விலங்குகள் கடந்து செல்வதற்காக ஏறத்தாழ 100 மீட்டர் அகலமும் 5 கிலோமீட்டர் நீளமும் கொண்ட வன வழி ஒன்று திட்டத்தில் இடம்பெற்றது. மக்கள்தொகை மிக்க சிறிய தீவில் வீடும் வேண்டும், காடும் வேண்டும். எதை எவ்வளவு விடுவது என்பதே ஆட்சியாளர்முன் நிற்கும் வினா.

அவ்வினாவைக் கேட்காமல் கத்தி விழுந்தால் என்னவாகும் என்பதைக் கிராஞ்சி காட்டியது. 2011இல் மலாயன் இரயில் சேவை உட்லண்ட்ஸுடன் நின்றுவிட்டபின், பழைய தண்டவாளப் பாதையை ஒட்டிப் புதரும் மரங்களும் அடர்ந்தன. வேளாண் உணவுப் புத்தாக்கப் பூங்காவிற்காக ஒதுக்கப்பட்ட நிலத்தில், உரிய ஆய்வும் ஒப்புதலும் முடியும் முன்னரே ஏறத்தாழ 4.5 ஹெக்டர் காடு அகற்றப்பட்ட செய்தி 2021 பிப்ரவரியில் வெளியாயிற்று. பொதுமக்கள் வருந்தினர். நாடாளுமன்றத்திலும் விளக்கம் அளிக்கப்பட்டது. வெட்டிய மரத்தை எந்த விளக்கமும் மீட்டுத் தருவதில்லை.

சட்டம் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. பூங்காக்கள் மற்றும் மரங்கள் சட்டத்தின்படி, மரப் பாதுகாப்புப் பகுதிகளிலும் காலி நிலங்களிலும் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதலின்றி வெட்டலாகாது. ஆனால் சட்டம் மரத்தின் சுற்றளவையே அளக்கிறது. அம்மரம் யாருடைய எல்லையில் நின்றது, யார் கையால் நடப்பட்டது, அதனடியில் யார் விளக்கேற்றினார் என்பவற்றை அளப்பதற்கு எந்த அளவுகோலும் அதனிடம் இல்லை. அது மக்கள் செய்ய வேண்டிய பணி.

சுவா சூ காங் இடுகாடு இதற்கு இன்னொரு சான்று. சிங்கப்பூரில் இன்றும் புதிய அடக்கங்களுக்கு இடமளிக்கும் ஒரே பொது இடுகாடு அதுதான். இந்துக்களுக்கென்றும் அங்கே பகுதி உண்டு. 1998இல் வகுக்கப்பட்ட விதியின்படி அடக்கக் காலம் பதினைந்து ஆண்டுகளே. தெங்கா விமானத் தள விரிவாக்கத்திற்காக எண்பதாயிரத்திற்கும் மேற்பட்ட சீன, முஸ்லிம் கல்லறைகள் அகற்றப்படும் என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. மாண்டவருக்கும் நிலையான வேலி இல்லாத தீவில், பெயர்களைக் காப்பது எழுத்து ஒன்றே.

நினைவே வேலி

இரு நூற்றாண்டுகளின் வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. சுவா சூ காங்கில் வேலிகள் நிலைத்ததில்லை. கேம்பியர்த் தோட்டத்தின் எல்லை லாலாங்கில் மறைந்தது. ரப்பர்த் தோட்டத்தின் எல்லை போர்க்காலப் புதரில் மறைந்தது. பண்ணையின் எல்லை அல்பீசியாவின் நிழலில் மறைந்தது. ஒவ்வொரு முறையும் வெட்டித் திருத்தியவர்கள் அதற்கு முந்தையவர்களின் அடையாளத்தையும் சேர்த்தே வெட்டினார்கள். எஞ்சியவை, யாரோ ஒருவர் வேண்டுமென்றே விட்டுவைத்த மரங்களும், அவற்றின் அடியில் நட்ட கற்களும், அவற்றைச் சுற்றி எழுந்த வழிபாடுகளுமே.

தோட்டங்களில் புல்வெட்டிய தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. பால்மர நிழலிலும் பண்ணை வேலியோரத்திலும் சிறுவர்களாக ஓடி விளையாடியவர்கள் முதுமை எய்திவிட்டனர். எந்த மரத்தடியில் சூலம் நின்றது, எந்த ஆற்றோரத்தில் லயத்து வீடுகள் இருந்தன, எந்தப் பலா யாருடைய எல்லை என்பவற்றை அவர்களே அறிவர். ஆலயங்களின் நிருவாகக் குழுக்களும் இளையரும் அம்முதியோரை அணுகி, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, பழைய நிழற்படங்களைத் திரட்டி, இடங்களை வரைபடத்தில் குறித்து வைத்தல் வேண்டும். ஆலயத்தின் வளாகத்திலோ அருகிலோ மரங்களை அகற்ற நேரும்போது, அம்மரத்தின் கதையை முதலில் கேட்டறிவது நல்ல மரபாக அமையும். சோழர் காலத்து அலுவலர்கள் கல்லையும் கள்ளியையும் நட்டதோடு நில்லாமல், நடந்த எல்லையை எழுத்திலும் பொறித்து வைத்தார்கள். கள்ளி பட்டுப்போயிற்று, கல்லும் பல இடங்களில் பெயர்ந்துவிட்டது. எழுத்து மட்டுமே ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நின்று, அன்றைய எல்லையை இன்றும் நமக்கு உரைக்கின்றது.